கொழும்பு வழியாக ஒரு டிக்கெட்

அத்தியாயம் 11

கோர்ட்டு அமீனா வந்து நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போய் மூன்று நாளாகிறது. வீரையன் வீட்டில் அடுப்பு என்னவோ எரிகிறது. யாரும் வயிறாரச் சாப்பிடத்தான் இல்லை.

விஷயம் பெரியது. கீழ்வேளூருக்குக் கிழக்கே கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். சொந்தக்காரர் கும்பகோணத்தில் இருக்கும் மிராசுதார். பாடுபடும் குத்தகைக்காரர் வீரையன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், குத்தகைக்காரர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபோது, "போகாதே, கையைக் காலை முறிச்சிடுவாங்க" என்று ஊரே சொல்லியும் கேட்காமல் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பெயரை ஏற்றிவிட்டு வந்தவர் அவர். திரும்பி வரும் வழியில் இடுப்பை முறித்துவிட்டார்கள். பெயர் மட்டும் அழியவில்லை.

இப்போது வீரையனால் கோல் இல்லாமல் நடக்க முடியாது. ஒரே மகன் துரைக்கண்ணு இரண்டு வருஷமாக மஸ்கட்டில் கொத்தனார் வேலை பார்க்கிறான். அப்பனுக்கு முடியவில்லை, பிள்ளை ஊரில் இல்லை, ஆகவே பதிவை ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மிராசுதார் தரப்பு மனுப் போட்டுவிட்டது. வரும் வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில் விசாரணை.

"தொரைக்கண்ணு வரட்டும். ஆம்பள வந்து எதிர நின்னாத்தான் அவனுங்க வாய் அடங்கும்" என்பது வீரையனின் தீர்ப்பு. பிளேன் டிக்கெட்டுக்காக உழவு மாடு இரண்டையும் தரகரிடம் பேசி, முன்பணமும் வாங்கிவிட்டார். சனிக்கிழமை மாடு கைமாற வேண்டியது.

அந்த முன்பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு, மருமகள் பூவம்மாள் வெள்ளிக்கிழமை காலை நாகூர் பஸ் ஏறினாள்.

ஆடி வெள்ளி. பஸ்ஸில் பாதிப் பேர் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள். ஒரு காலை ஊன்றினால் இன்னொரு காலுக்கு இடமில்லை. அந்த நெரிசலிலும் அடுத்த தெரு மங்களாம்பிகை அவளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பூவு, ஒங்க வயல்ல உழுவறானே ஒரு ஆளு, எந்த ஊருக்காரன்?"

பூவம்மாள் மஞ்சள் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "கெழக்கே... வேளாங்கண்ணிப் பக்கம்."

"சால் நூல் புடிச்ச மாதிரி இருக்குடி. எங்க வீட்டு ஆம்பளைங்க ஏர் ஓட்டுனா பாம்பு போன தடமாட்டம் இருக்கு. எங்களுக்கும் ரெண்டு நாள் அனுப்பி வையேன், கூலி கூடவே தர்றேன்."

"கேட்டுப் பாக்கறேங்க்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படி ஓர் ஆளே கிடையாது. இந்தக் கதையை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுவதுதான் நியாயம். போன வருஷச் சம்பாவிலிருந்து அந்த ஆறு மாவையும் உழுகிறவள் பூவம்மாள்தான். நடவு, களை, அறுப்பு எல்லாம் பெண்கள் வேலை; யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஏர் மட்டும் பெண் தொடக் கூடாது. தொட்டால் மழை நின்றுபோகும் என்று ஒரு கூட்டம் சொல்லும். 'வீரையன் மருமகளை மேழி பிடிக்க விட்டுவிட்டான்' என்று இன்னொரு கூட்டம் சிரிக்கும். வீரையன் இரண்டாவதற்குத்தான் பயந்தார். அதனால் விடிவதற்கு முன்பே அவள் உழுதுவிட்டு, வெயில் ஏறும்போது வீட்டுக்குள் வந்துவிடுவாள். 'வெளியூர் ஆள் வந்து உழுதுட்டுப் போறான்' என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கௌரவத்துக்காகச் சொன்ன பொய்க்கு ஓர் ஆள் முளைத்து, அவனுக்கு இப்போது கிராக்கியும் வந்துவிட்டது.

நாகூரில் சேக் தாவூதின் கடைப் பலகையில் இன்னும் கப்பல் படம்தான். பினாங்கு போகிற கப்பலுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பேர் எடுத்த கடை அது. இந்த எண்பத்து நாலாம் வருஷத் தொடக்கத்தில் கப்பல் தீப்பிடித்து, போக்குவரத்தே நின்றுபோனது. கப்பலை நம்பியிருந்த சேக் தாவூது, ஐம்பத்தைந்து வயதில் பிளேன் தொழிலைப் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க. நீங்க சொல்லிவிட்டபடி நேத்தே தந்தி அனுப்பிட்டேன். தொரைக்கண்ணு பதினோரு மணிக்குக் கேம்ப்லேருந்து போன் போடுவாரு. அங்க இன்னிக்கு லீவு நாளுல்ல. அதுக்குள்ள நாம வழியப் பாத்துடுவோம். ஜும்மாத் தொழுகைக்கு நான் கடைய அடைக்கணும்."

கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் கோடு இழுத்தார்.

"மூணு வழி இருக்கு. முதல்ல பம்பாய். அதுவரைக்கும் பிளேன் மலிவு. அங்கேருந்து ரயிலு, மெட்ராஸ், அப்புறம் பஸ்ஸு. ரயில்ல எடம் கெடச்சு அவரு வந்து சேர வெள்ளிக்கெழம ஆயிடும். பந்தலப் பிரிக்கற நேரத்துல மாப்பிள்ள வந்த கதைதான்."

"அது வேணாங்கண்ணே. வியாழக்கெழம காலையில அவரு நிக்கணும்."

"அப்ப மெட்ராஸ் வரைக்கும் பிளேன்லயே வரலாம். செவ்வாக்கெழம ராத்திரி எறங்கிடுவாரு." விலையைச் சொன்னார்.

பூவம்மாள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாடு இரண்டும் போதாது. பால் கறக்கிற பசுவையும் விற்க வேண்டும். அப்புறம் வீட்டில் விற்க என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"மூணாவது?"

"கொழும்பு வழி. மஸ்கட்டுலேருந்து கொழும்பு, கொழும்புலேருந்து திருச்சி. பாதி வெல. திருச்சியில எறங்குனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம்."

"அதையே போட்டுடுங்கண்ணே!"

சேக் தாவூது பேனாவை மூடி வைத்தார். "நடுவுல ஒரு ராத்திரி கொழும்புல தங்கணும் தங்கச்சி."



போன வருஷம் இதே ஆடியில் ரேடியோவில் கேட்ட செய்திகள் யாருக்கும் மறக்கவில்லை. அதுவரை கொழும்பு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. ராத்திரி ரயிலேறி, தனுஷ்கோடியில் படகு பிடித்து, கடை வைத்துப் பிழைத்து, பேத்தி சடங்குக்கு ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். வீரையனே இளந்தாரியாக இருந்தபோது அங்கே மூட்டை தூக்கியிருக்கிறார். அந்த ஊரில்தான் தமிழ் பேசினான் என்பதற்காக மனுஷனை எரித்தார்கள்.

"எங்க மச்சான் கடை போச்சு" என்றார் சேக் தாவூது. "உசிரு தப்பிச்சாரு. ஏர்போர்ட்ட விட்டு வெளியில போவாம உள்ளயே உக்காந்திருந்தா பயமில்லன்னு சொல்றாங்க. போன மாசம் நாலு பேருக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன், நல்லபடியாத்தான் வந்தாங்க. ஆனா ஒண்ணும் ஆவாதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

பூவம்மாள் கல்யாணப் பத்திரிகையில் இருந்த மூன்று கோடுகளையும் பார்த்தாள். ஒன்று நேரத்துக்கு வராது. இன்னொன்று கைக்கு எட்டாது. மூன்றாவதில் புருஷனை அனுப்பிவிட்டு அந்த ஒரு ராத்திரி அவள் எப்படிக் கண்ணை மூடுவாள்? நிலமா, அவனா என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் ஒரே நொடியில் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் மாமனார் இடுப்பைக் கொடுத்து வாங்கிய நிலத்தை விட்டுவிடு என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அழுகை வந்தது. ஊரான் கடையில் உட்கார்ந்து அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"கொழும்பே போடுங்கண்ணே" என்றாள் கடைசியில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"செரி. கம்பெனிக்காரன் லீவு குடுக்கணும்ல? நோட்டீஸக் குடுங்க, காரணத்த இங்கிலீஸ்ல தந்தியா எழுதிடறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேக் தாவூது நோட்டீஸை வாய்விட்டே படித்தார். கோர்ட்டுத் தமிழ் அவர் வாயில் கொஞ்சம் இடறியது.

"...மேற்படி வீரையனோ, அவர் மகனோ, அவர் குடும்பத்தைச் சேர்ந்த வேறு எவரோ மேற்கண்ட நிலத்தில் உடலுழைப்புச் செய்வதில்லை என்றும், கூலியாளை வைத்தே உழவு நடத்துவதாக மேற்படி வீரையனே மனுதாரரின் காரியஸ்தர் குஞ்சிதபாதம் அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும்..."

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குடும்பத்துல யாரும்னா, அதுல மருமவளும் சேத்தியா?"

"சேத்திதான். ஒரே ஒலை, ஒரே குடும்பம். அதுல ஒருத்தர் வயல்ல பாடுபட்டாலே பதிவ ரத்து பண்ண முடியாதும்பாங்க. ஏன் கேக்கறீங்க?"

பூவம்மாள் நோட்டீஸை எட்டி வாங்கிக்கொண்டாள். வீட்டில் அந்த நோட்டீஸை மாமனார் நாலு தரம் படித்தார். நாலு தரமும் 'மகன்' என்ற இடம் வந்ததும் கண் கலங்கி நிறுத்திவிட்டார். அதற்கு அப்புறம் இருப்பதை யாரும் படிக்கவே இல்லை.

"அவரு ஊரை விட்டுப் போனது எப்ப தங்கச்சி? டிக்கெட்டுக்கு வேணும். பாஸ்போர்ட்ல சீல் இருக்கும், தேதி தப்பா சொல்லிடாதீங்க."

"ரெண்டு வருஷம் முந்தி, ஆவணி" என்று சொல்லும்போதே அவளுக்குத் திக்கென்றது. பாஸ்போர்ட்டில் சீல் இருக்கிறது. இத்தனை பாடுபட்டு அவனை வரவழைத்துக் கோர்ட்டில் நிறுத்தினால், 'பாஸ்போர்ட்டைக் காட்டு' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டு வருஷமாக இவன் வயலில் கால் வைக்கவில்லை என்பதற்கு அவனே சாட்சியாகிவிடுவான். மாட்டை விற்று, கொழும்பில் உயிரைப் பணயம் வைத்து, மிராசுதாருக்கு ஒரு சாட்சியைத் தேடிக் கொண்டுவருகிறோமா?

டெலிபோன் அடித்தது.

"பூவு, நான்தான். கம்பெனியில பேசிட்டேன். இப்பக் கெளம்புனா திரும்ப வேல கெடையாதுங்கறான். போவுது. கொழும்பு வழியாவே வந்துடறேன், அதான் மலிவாம்ல?"

"வந்து கோர்ட்டுல என்னங்க சொல்லுவீங்க?"

"நான்தான் உழுவறேன்னு சொல்லுவேன்."

"பாஸ்போர்ட்டக் கேட்டா?"

 "அப்ப யாரைத்தான் சொல்றது? அந்த வேளாங்கண்ணி ஆளையா? அப்பாதான் எழுதியிருந்தாரே, நல்லா உழுவறான்னு."

அவனுக்கும் அதே கதைதான் போயிருக்கிறது. மாமனார் மகனிடம் கூட உண்மையைச் சொல்லவில்லை. பூவம்மாள் சேக் தாவூதைப் பார்த்தாள். அவர் நாகரிகமாக எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"அப்படி ஒரு ஆளே இல்லீங்க. நான்தான் உழுவறேன்."

லைனில் கடலைத் தாண்டி வந்த இரைச்சல்.

"கேக்குதா? போன வருஷச் சம்பாலேருந்து நான்தான்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். 'எங்கப்பன் மானத்தை வாங்கிட்டியே' என்பான் என்று நினைத்தாள். வந்த குரல் கம்மிப்போயிருந்தது.

"ஏர்ல இருந்த பழைய கொழு தேஞ்சு போயிருந்துச்சே பூவு. அதை வச்சா உழுத? மண்ணுல ஏறியிருக்காதே. கை என்னத்துக்கு ஆவும்?"

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளை மீறிக்கொண்டு வந்தது. "மாத்திட்டேங்க. தை மாசமே பட்டறையில குடுத்து மாத்திட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன" என்றான் துரைக்கண்ணு. அவனும் அழுகிறான் என்று தெரிந்தது. "நான் வரல. நீ நில்லு. யாரு என்ன சொன்னாலும்..." என்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

சேக் தாவூது உள்ளே வந்து, கல்யாணப் பத்திரிகையை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "டிக்கெட் விக்கறவன் இத சொல்லப்படாது. ஆனா மனசுக்கு நிம்மதியா இருக்கு. செரி, நீங்க உழுததுக்கு சாட்சி யாரு தங்கச்சி? யாரு பாத்தா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே அண்ணே உழுதேன்."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

வீடு வந்தபோது மணி இரண்டு. மாட்டுத் தரகர் ஒரு நாள் முன்னதாகவே வந்து, கொட்டகையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவம்மாள் மஞ்சள் பையை அப்படியே அவர் கையில் வைத்தாள். "மாடு குடுக்கறதா இல்லீங்க. கோச்சுக்காதீங்க."

கட்டிலில் இருந்த வீரையன் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, டிக்கெட்டு?"

"அவரு வரல மாமா. வேணாம்னுட்டேன்." நோட்டீஸைப் பிரித்து அவர் படிக்காமல் விட்ட இடத்தில் விரலை வைத்தாள். "நான் உழுவறேன்னு சொன்னாப் போதும். இன்னும் ரெண்டு மா உழவு பாக்கி கெடக்கு. இப்பப் போயி உழுவப் போறேன். ஊரே பாக்கட்டும்."

வீரையன் படித்தார். முகம் கறுத்துவிட்டது. "பட்டப்பகல்லயா? வேணாம்மா. இத்தன வருஷம் ஒருத்தன்ட்ட தலை குனியாம இருந்துட்டேன்."

"நெலம் போயிட்டா குனிய வேண்டாமா?"

அவள் அவரிடம் இப்படிப் பேசியது கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தரம். பேசிவிட்டு அவளே பயந்துபோனாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கலப்பையைத் தோளில் ஏற்றி, மாட்டை ஓட்டிக்கொண்டு நடுத்தெரு வழியாகவே போனாள்.

கோயிலிலிருந்து விபூதித் தட்டோடு வந்த மங்களாம்பிகை, வரப்பு வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டாள். முதல் சால் ஓடி முடிகிற வரை பார்த்தாள். அப்புறம், "அடிப்பாவி! அந்த வேளாங்கண்ணி ஆளு நீதானா?" என்றாள். சிரித்தாளா, திட்டினாளா என்று பூவம்மாளுக்குப் புரியவில்லை. ஏரை நிறுத்தவும் இல்லை.

நாலாவது சாலில் வரப்பு நிறைய ஜனம். ஐந்தாவது சாலில் சைக்கிள் மணி கேட்டது. காரியஸ்தர் குஞ்சிதபாதம். விசாரணைக்கு முன்னால் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவர், ஜனங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷமாக மிராசுதாருக்கு நெல் அளந்து வாங்குகிறவர். பேராசைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கிய சம்பளத்துக்கு உண்மையாக இருக்கிறவர், அவ்வளவுதான்.

"என்ன கூத்து இது? கோர்ட்டுக்காக நாடகமா?"

"நாடகம் இல்லீங்கய்யா." பதில் பின்னாலிருந்து வந்தது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரையன் கோலை ஊன்றி, மூச்சு வாங்க, சேற்று வரப்பில் வந்து நின்றார். வீட்டிலிருந்து அங்கே வர அவருக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

"நாடகம் ஆடுனது நான். கூலியாளுன்னு ஒங்கள்ட்ட சொன்னது பொய்யி. ரெண்டு போகமா இவதான் ஏர் புடிக்கிறா. ஊரு சிரிக்குமேன்னு மறைச்சேன்." அவர் குரல் உடைந்தது, மறுபடி சேர்த்துக்கொண்டார். "சிரிக்கறவன் சிரிச்சுக்கட்டும். என் நெலத்துல என் மருமவ பாடுபடறா."

யாரும் சிரிக்கவில்லை. பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குஞ்சிதபாதம் உழுது போட்ட சாலைப் பார்த்தார். குனிந்து, புரண்டு கிடந்த மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தார். இன்றைக்குத்தான் முதல்முதலாக ஏர் பிடித்தவள் உழுகிற உழவு இல்லை அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது முகத்திலும் தெரிந்தது.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன் வீரையா" என்றார் மெதுவாக. "குடும்பத்துல ஒருத்தரும் வயல்ல எறங்கறதில்லன்னு, சத்தியமாச் சொல்றேன்னு கையெழுத்துப் போட்டு வக்கீல்ட்ட குடுத்தாச்சு. மாத்திச் சொன்னா முப்பது வருஷத்துச் சோறு போயிடும்."

பூவம்மாள் மேழியை விடாமலே திரும்பினாள்.

"நேத்து கையெழுத்துப் போட்டப்ப ஒங்களுக்குத் தெரியாதுங்க. அதுல தப்பு இல்ல. இன்னிக்கு ஒங்க கண்ணால பாத்துட்டீங்க. வியாழக்கெழம கோர்ட்டுல கேப்பாங்களே, என்னய்யா சொல்லப் போறீங்க?"

குஞ்சிதபாதம் சைக்கிளில் ஏறிப் போகவில்லை. கையில் இருந்த மண்ணைக் கீழே போடத் தெரியாமல் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.